இடமா, வலமா? செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் எந்த ஹோலை எப்படி ஆடலாம்

முதல் டீயில், அதாவது முதல் அடியை அடிக்கும் இடத்தில், போய் நின்றால் கண்ணெதிரே வெறும் புல்வெளி. முதல் ஹோலும் பதினெட்டாவது ஹோலும் ஒரே ஃபேர்வேயை (டீயிலிருந்து குழிப்பக்கம் வரை வெட்டிவிட்ட புல்தரையை) பங்குபோட்டுக்கொள்கின்றன. அகலம் நூறு கெஜத்துக்கு மேல். பங்கர் என்கிற மணல்குழி ஒன்றுகூடக் கிடையாது. இதற்கு எதற்கு யோசனை, கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் போதாதா என்றுதான் எனக்கும் தோன்றியது. ஓல்ட் கோர்ஸ் ஆளை ஏமாற்றும் விதமே அதுதான். பந்தை எங்கே வேண்டுமானாலும் அடிக்க இடம் கொடுக்கும். தப்பான இடத்தில் அடித்திருக்கிறோம் என்பது இரண்டாவது அடிக்கு நிற்கும்போதுதான் தெரியும்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் இந்த மைதானத்தில் மொத்தம் 112 பங்கர்கள். நகரத்திலிருந்து புறப்பட்டு ஈடன் கழிமுகம் வரை போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, போன வழிக்குப் பக்கத்திலேயே திரும்பி வரவேண்டும். குழியும் கொடியும் இருக்கும் மழித்த புல்தரைதான் கிரீன்; இங்கே ஏழு கிரீன்கள் இரண்டிரண்டு ஹோலுக்குப் பொதுவான இரட்டைக் கிரீன்கள். இரண்டாவதும் பதினாறாவதும் ஒரு கிரீன், மூன்றும் பதினைந்தும் ஒன்று, நான்கும் பதினான்கும் ஒன்று. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும். 1, 9, 17, 18 ஆகிய நான்குக்கு மட்டும்தான் தனிக் கிரீன்.

இந்த அமைப்பால் ஒரு விசித்திரம் நேர்கிறது. போகும்போதும் சரி, வரும்போதும் சரி, உங்கள் இடப்பக்கம் இருப்பது எதிர்த்திசையில் ஆடப்படும் இன்னொரு ஹோலின் ஃபேர்வே. வலப்பக்கம் இருப்பது முட்புதரோ, எல்லைச் சுவரோ, வேலியோ. ஊட்டியில் கோல்ஃப் ஆடியவர்களுக்கு அந்தப் புதரை அடையாளம் சொல்லவே வேண்டாம். அங்கே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து நட்ட, மஞ்சள் பூப்பூக்கும் அதே முள்தான். உள்ளே போன பந்தைத் தேடிக் கையைவிட்டால் கைதான் கிழியும்.

அப்படியானால் எல்லா ஹோலிலும் இடப்பக்கமாக அடித்துவிட்டுப் போகலாமே? போகலாம். அதற்கு ஒரு விலை உண்டு. இடப்பக்கத்திலிருந்து பார்த்தால் பெரும்பாலான கிரீன்களின் வாசலில் ஒரு பங்கரோ மேடோ குறுக்கே நிற்கும். வலப்பக்கத்திலிருந்து பார்த்தால் கிரீன் திறந்து கிடக்கும். முதல் அடியில் ஆபத்தை ஏற்றுக்கொண்டால் இரண்டாவது அடி சுலபம்; முதல் அடியில் பத்திரமாக இருந்தால் இரண்டாவது அடியில் கடனைத் தீர்க்க வேண்டும். பதினெட்டு ஹோலிலும் கேள்வி இது ஒன்றுதான், பதில்தான் மாறுகிறது.

டைகர் உட்ஸ் 2000ஆம் ஆண்டு ஓப்பன் போட்டியை இங்கே 19 அண்டர் பாரில் (பார் என்கிற வரையறுத்த அடிக்கணக்கைவிட 19 அடி குறைவாக), எட்டு அடி வித்தியாசத்தில் வென்றபோது நான்கு நாளும் சேர்த்து 72 ஹோலில் ஒரு பங்கரில்கூட விழவில்லை. அவருடைய வழியை நாம் பின்பற்ற முடியாது. 280 கெஜம் தாண்டி அடிப்பவருக்குப் பாதிப் பங்கர்கள் காலுக்குக் கீழே போய்விடும். ஆனால் அவர் எதைத் தவிர்த்தார் என்பதை நாமும் கவனிக்கலாம். நான் எழுதுவது ஹேண்டிகேப் (திறமைக்கேற்பத் தரும் சலுகை அடிகள்) 15 முதல் 24 வரை வைத்திருக்கும், டிரைவர் என்கிற நீண்ட மட்டையால் 200, 220 கெஜம் அடிக்கும் ஆட்களுக்காக.

இன்னொன்று, காற்று. வழக்கமாக வீசுவது தென்மேற்குக் காற்று. போகும்போது அது இடமிருந்து வந்து பந்தை வலப்பக்கப் புதருக்குத் தள்ளும். திரும்பும்போது வலமிருந்து வந்து இடப்பக்கத்துக்கு, அதாவது பத்திரமான பக்கத்துக்குத் தள்ளும். பந்து இயல்பாகவே வலப்பக்கம் வளைந்து போகிற ஆளாக இருந்தால் (நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்) முதல் ஏழு ஹோல்களில் வலப்பக்கம் என்ற யோசனையே வேண்டாம். வீரத்தைக் காட்ட வேண்டுமானால் திரும்பி வரும் வழியில் காட்டிக்கொள்ளலாம்.

சரி, முதல் ஹோல். கிரீனை ஒட்டி முன்னால் ஸ்வில்கன் ஓடை போகிறது. சின்ன வாய்க்கால்தான், எட்டிக் குதித்துவிடலாம் போல இருக்கும். இங்கே டிரைவரை எடுத்து ஓடைக்குப் பக்கத்தில் போய் நிற்பதா, கையடக்கமான கிளப்பில் (மட்டையில்) அடித்து நூற்றிச் சொச்சம் கெஜம் தள்ளி நிற்பதா? பக்கத்தில் போனால் பந்தை உயரத் தூக்கும் வெட்ஜ் மட்டையில் ஐம்பது கெஜ அரைகுறை அடி மிஞ்சும். இறுகிய புல்தரையிலிருந்து, ஓடைக்கு மேல், முதல் ஹோலின் படபடப்போடு அடிக்க அதைவிட மோசமான அடி கிடையாது. தள்ளி நின்று முழு வீச்சில் அடிப்பதே மேல். அப்போதும் தோன்றுகிற கிளப்பைவிட ஒன்று பெரிதாக எடுங்கள். பின்னால் போனால் நீளமான பட் (கிரீனில் உருட்டும் அடி) ஒன்றோடு போகும், முன்னால் விழுந்தால் தண்ணீர்.

இரண்டாவதில் வலப்பக்கம் புதர், இடப்பக்கம் சீப்ஸ் என்கிற பங்கர். தொழில்முறை ஆட்டக்காரர்கள் வலப்பக்கத்தை விரும்புவார்கள். நமக்கு இடப்பக்கம்தான், சீப்ஸுக்கு முன்னாலேயே நின்றுகொண்டு. மூன்றாவதும் இதே கதை. வலமிருந்து வந்தால் கிரீன் வழிவிடும், இடமிருந்து வந்தால் கார்ட்கேட் பங்கர் மறிக்கும். அந்தப் பங்கரைத் தாண்டிப் பந்தை நிறுத்தப் பார்க்காமல் கிரீனின் வலப்பாதியைக் குறிவைத்தால் போகியோடு (பாரைவிட ஓரடி கூடுதல்) தப்பிக்கலாம், பல நாள் பாரே வரும்.

நான்காவதில்தான் இரண்டு வழியும் கண்ணுக்கே தெரியும். வலப்பக்கம் மேட்டுக்கும் ரஃப் என்கிற நீண்ட புல்லுக்கும் நடுவே ஒடுக்கமான ஒரு தாழ்வழி. அதில் போனால் கிரீனுக்கு நல்ல கோணம். இடப்பக்கம் மேட்டுக்கு மேலே விசாலமான இடம், ஆனால் அங்கிருந்து கிரீனின் முன்னால் இருக்கும் பெரிய திட்டு வழியை மறைக்கும். 419 கெஜ ஹோல் இது. இரண்டாவது அடியில் கிரீனை எட்டும் தூரமே நம்மிடம் இல்லாதபோது கோணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எட்டக்கூடியவருக்குத்தான் அந்த ஒடுக்கமான வழி லாபம். மற்றவர்கள் இடப்பக்கம் அடித்து, திட்டுக்கு முன்னால் நிறுத்தி, மூன்றாவதில் கிரீனுக்குப் போகலாம்.

ஐந்தாவது பார் ஐந்து. வலப்பக்கம் ஏழு பங்கர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும், எனவே இடம், யோசிக்க ஒன்றுமில்லை. இங்கே தூரத்தைக் கண்ணால் அளக்காதீர்கள். கிரீன் மிகமிகப் பெரியது, பதின்மூன்றாவதோடு சேர்ந்தது. கொடி பின்னால் இருந்தால் இரண்டு கிளப் கூடுதலாகத் தேவைப்படும். கொடி எந்தப் பக்கம் என்று டீயிலேயே பை சுமந்து வழிகாட்டும் கேடியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தப்பான பாதியில் பந்து விழுந்தால் பந்தை உருட்டும் மட்டையான பட்டரைக் கோடாரி போல வீச வேண்டியிருக்கும். ஆறாவதில் டீயிலிருந்து எதுவுமே தெரியாது, கேடி கை காட்டும் திசையை நம்பி அடிக்க வேண்டியதுதான். ஏழாவதில் கிரீனுக்கு முன்னால் ஷெல் என்கிற அகலமான பங்கர் இருக்கிறது; சந்தேகம் வந்தால் நீளமாக அடியுங்கள்.

எட்டு முதல் பன்னிரண்டு வரைதான் எல்லாரும் ஸ்கோரைச் சரிக்கட்டும் பகுதி. 2022இல் கேமரன் ஸ்மித் கடைசி நாளில் பத்தாவதிலிருந்து பதினான்கு வரை வரிசையாக ஐந்து பர்டி (பாரைவிட ஓரடி குறைவு) அடித்துத்தான் ரோரி மெக்கில்ராயைத் தாண்டிப் போனார். எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் சாதுவானவை, பந்தை நேராக அடித்தால் போதும். பதினொன்றாவது அப்படி இல்லை.

174 கெஜம், பார் மூன்று. கிரீன் பின்னிருந்து முன்னாகச் செங்குத்தாகச் சரிகிறது. முன்னால் வலப்பக்கம் ஸ்ட்ராத் பங்கர், இடப்பக்கம் ஹில் பங்கர், பின்னால் ஈடன் கழிமுகத்திலிருந்து வரும் காற்று. 1921இல் பாபி ஜோன்ஸ் ஹில் பங்கரில் மாட்டிக்கொண்டு, வெறுத்துப்போய்ப் போட்டியிலிருந்தே விலகிக்கொண்டார். பிறகு 1927இல் இதே மைதானத்தில் ஓப்பனை வென்றார். இன்று பத்தாவது ஹோலுக்கு அவர் பெயர்தான். இங்கே மூன்று வழி உண்டு. கொடியை நோக்கி அடிக்கலாம். பின்பக்கமாக அடித்துவிட்டுச் சரிவில் பட் போடலாம். முன்னால் வேண்டுமென்றே குறைவாக அடித்து, கீழிருந்து மேலாக உருட்டலாம். மூன்றில் மோசமானது இரண்டாவது. காற்றில் தரை காய்ந்த நாளில் அந்தச் சரிவில் கீழ்நோக்கிப் பட் போட்டால் பந்து கிரீனைவிட்டே போய்விடும். நான் மூன்றாவதைத்தான் எடுப்பேன். பார் மூன்று ஹோலில் கிரீனுக்கு முன்னால் நிறுத்துவது கேவலமாகத் தோன்றலாம். தோன்றட்டும். அங்கிருந்து ஒரு உருட்டு, ஒரு பட், சில நாள் இரண்டு பட். மூன்றோ நான்கோதான் வரும், ஏழு வராது.

பன்னிரண்டாவதில் நான் ஏமாந்தேன். 316 கெஜம், டீயிலிருந்து ஒரு தடையும் தெரியாது. நடுவில், நேராக, அன்றைய ஆட்டத்திலேயே சிறந்த அடி. பந்து ஒருமுறை குதித்து மறைந்தது. கேடி ஒன்றும் சொல்லவில்லை, பையிலிருந்து சேண்ட் வெட்ஜை மட்டும் உருவிக்கொண்டு நடந்தார். இந்த மைதானம் ஒரு காலத்தில் எதிர்த்திசையிலும் ஆடப்பட்டது. அந்தத் திசையில் வருபவர்களுக்குக் கண்ணெதிரே தெரிந்த பங்கர்கள் இப்போது நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபேர்வேயின் நடுவில் ஒளிந்திருக்கின்றன. தூரமாக அடித்து எல்லாவற்றையும் தாண்டுவது இளைஞர்களுக்கு. நமக்கு, பங்கர் எத்தனை கெஜத்தில் தொடங்குகிறது என்று கேட்டு, அதற்கு முன்னால் நிற்கும்படி அடிக்க, தூரம் குறைந்த அயர்ன் மட்டை. கிரீனில் கொடி நிற்கும் தட்டும் ஒடுக்கமானது, தள்ளி நின்று முழு வெட்ஜ் அடித்தால்தான் பந்து அதில் நிற்கும்.

பதின்மூன்றில் காஃபின்ஸ், அதாவது சவப்பெட்டிகள் என்று பெயர்வைத்த பங்கர்கள். தவிர்த்துவிட்டு மேலே நடப்போம், பதினான்குக்கு நேரம் தேவை.

530 கெஜம், பார் ஐந்து, பெயரே லாங். வலப்பக்கம் கல்சுவர், அதைத் தாண்டினால் அவுட், அதாவது பந்து எல்லைக்கு வெளியே. இடப்பக்கம் பியர்டீஸ் என்கிற நான்கு பங்கர்கள். ஆக, இடப்பக்கம் பத்திரம் என்ற நம்முடைய சூத்திரம் முதன்முதலாகப் பொய்த்துப்போகும் இடம் இது. சுவருக்கும் பியர்டீஸுக்கும் நடுவில் இருக்கும் சமதளத்துக்கு எலிசியன் ஃபீல்ட்ஸ் என்று பேர், கிரேக்கர்களின் சொர்க்கவெளி. சொர்க்கத்தைத் தாண்டியதும், கிரீனுக்குச் சுமார் நூறு கெஜம் முன்னால், நரகம்: ஹெல் பங்கர். பெயர்வைத்தவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இருந்திருக்கிறது. ஜாக் நிக்லஸ் 1995 ஓப்பனில் இதற்குள் நான்கு அடி அடித்து, இந்த ஹோலில் 10 எடுத்தார். இந்த மைதானத்தில் இரண்டுமுறை ஓப்பன் வென்றவருக்கே அந்தக் கதி.

இரண்டாவது அடிக்கு மூன்று வழி. ஹெல்லைத் தாண்டுவது, ஹெல்லுக்கு முன்னால் நிற்பது, இடப்பக்கம் ஐந்தாவது ஹோலின் ஃபேர்வேக்கு அடித்துச் சுற்றிப் போவது. தாண்டுவதற்கு இரண்டு நல்ல அடி வரிசையாக விழ வேண்டும். முன்னால் நின்றால் மூன்றாவதாக 150, 170 கெஜம் மிஞ்சும். கிரீனின் முகப்பில் செங்குத்தான கரை, அதைத் தாண்டினால் தரை பின்பக்கமாகச் சரியும், நீண்ட அயர்னில் வரும் பந்து நிற்காது. சுற்றுவழியில் தூரம் கொஞ்சம் கூடும், ஆனால் எதிரே நரகம் இருக்காது, யாராவது எதிரே ஆடிக்கொண்டு வந்தால் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சுற்றுவழிதான் சரி. ஆறு எழுதிக்கொண்டு போனாலும் மனக்குறை இருக்காது. முதல் அடி சொர்க்கத்தில் விழாமல் ரஃப்பில் விழுந்துவிட்டால், அப்போது மட்டும் முன்னால் நிற்கும் வழி.

பதினைந்தை இடப்பக்கமிருக்கும் காட்டேஜ் பங்கருக்கு முன்னால் நின்று ஆடினால் தொல்லை இல்லை. பதினாறில் மறுபடி அப்பட்டமான தேர்வு. ஃபேர்வேயின் நடுவில் பிரின்சிபல்ஸ் நோஸ், கல்லூரி முதல்வரின் மூக்கு, மூன்று பங்கர்களின் கூட்டம். அதற்கும் வலப்பக்க வேலிக்கும் நடுவில் சின்ன இடைவெளி. பழைய ரயில்பாதை போன பக்கம் அது, வேலியைத் தாண்டினால் அவுட். இடைவெளியில் பந்தைப் போட்டவருக்குக் கிரீன் திறந்திருக்கும். காற்று வேறு வலமிருந்து வருவதால், வேலிப்பக்கம் குறிவைத்தால் உள்ளே கொண்டுவந்துவிடும் என்று ஆசை காட்டும். ஆசைப்படாதீர்கள். இங்கே லாபம் அரை அடி, நஷ்டம் இரண்டு அடி. இடப்பக்கம் அடித்து, கிரீனின் நடுவைப் பார்த்து ஆடுங்கள்.

பதினேழாவது, ரோடு ஹோல். பார் நான்கு, 455 கெஜம்; ஓப்பனுக்கு 2010இல் டீயைப் பின்னால் தள்ளி 495 ஆக்கினார்கள். டீயிலிருந்து பார்த்தால் ஃபேர்வே தெரியாது, பழைய ரயில் கொட்டகைகளின் சாயலில் கட்டிய கொட்டகைதான் தெரியும். அதன் மேல் ஓட்டலின் பெயரை எழுதியிருக்கிறார்கள். எந்த எழுத்துக்கு மேல் அடிப்பது என்பதுதான் இங்கே ஆட்டக்காரர்களின் பேச்சு. வலப்பக்கமாகப் போகப் போகத் தூரம் குறையும், ஓட்டல் வளாகத்துக்குள் விழும் ஆபத்து கூடும்.

இடப்பக்கம் விலகி அடிப்பது? டீயிலிருந்து பத்திரம்தான். ஆனால் இடத்திலிருந்து பார்த்தால் ரோடு பங்கர் நேராகக் கொடிக்கு முன்னால் வந்து நிற்கும். கிரீனோ மேடான, குறுகலான, கோணலாகக் கிடக்கும் ஒரு தட்டு. அதன் அந்தப் பக்கம் தார்ச்சாலை, சாலைக்கு அப்பால் கல்சுவர். 1984இல் டாம் வாட்சன் இரண்டாம் எண் அயர்னில் அடித்த பந்து கிரீனைத் தாண்டிச் சாலையைக் கடந்து சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டது. அதே நேரம் செவே பல்லஸ்டெரோஸ் பதினெட்டில் பர்டி போட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டார். 1978இல் டாமி நகஜிமா இரண்டே அடியில் கிரீனுக்கு வந்துவிட்டார். அவருடைய பட் சரிவில் உருண்டு, கிரீனின் விளிம்பைத் தொட்டு, பங்கருக்குள் இறங்கியது. வெளியே வர நான்கு அடி. அட்டையில் 9. கிரீனுக்கு மேலிருந்து பங்கரில் பட் போட்டு விழ முடியும் என்பதை நேரில் நின்று பார்த்தால்தான் நம்ப முடிகிறது. சுற்றியிருக்கும் தரையெல்லாம் அந்தக் குழியை நோக்கியே சாய்ந்திருக்கிறது, வாஷ்பேசினில் தண்ணீர் வடிகிற மாதிரி.

எனவே முதல் அடி: ஓட்டல் எழுத்துகளின் இடக்கோடிக்கு மேலே, கையில் நம்பிக்கையான கிளப். இரண்டாவது: கிரீனைப் பார்க்காமல், அதன் முன்னால் வலப்பக்கம் இருக்கும் தாழ்வான புல்தரைக்கு. அங்கிருந்து பங்கர் வழியில் இல்லை. மூன்றாவதாகப் பட்டரால் மேட்டில் ஏற்றி, இரண்டு பட். ஐந்து. ஸ்மித் 2022இல் கடைசி நாளில் முன்னிலையில் இருக்கும்போது பங்கருக்கும் கொடிக்கும் தப்பான பக்கத்தில் மாட்டினார். வெட்ஜை எடுத்துப் பங்கருக்கு மேலே தூக்கி அடிக்கவில்லை. பட்டரால் பங்கரைச் சுற்றிப் பந்தை மேட்டில் ஏற்றி, மிச்சமிருந்த பட்டையும் போட்டு நான்கில் முடித்தார். ஒரே அடி வித்தியாசத்தில் கோப்பை அவருக்கு. அவ்வளவு கைத்திறமை உள்ளவரே தூக்கி அடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அப்புறமும் ரோடு பங்கரில் விழுந்துவிட்டால்? எதிரே புல்கட்டிகளை அடுக்கிக் கட்டிய சுவர், ஆள் உயரத்துக்கு. கொடியை நோக்கி அடிப்பது ஒரு வழி, பக்கவாட்டிலோ பின்பக்கமோ வெளியேற்றுவது இன்னொரு வழி. மூன்றாவதாக, 2019இல் விதிகள் மாறியதிலிருந்து இரண்டு அடி தண்டனை ஏற்றுக்கொண்டு, கொடியிலிருந்து பந்து வழியாகப் பின்னோக்கிப் போகும் கோட்டில் பங்கருக்கு வெளியே பந்தைப் போட்டுக்கொள்ளலாம். பந்து சுவரிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி இருந்தால் முயற்சி செய்யுங்கள். சுவரை ஒட்டிக் கிடந்தால் பின்னால் அடியுங்கள். பின்னாலும் வீச இடமில்லை என்றால் கூச்சப்படாமல் அந்த இரண்டு அடியைக் கொடுத்துவிடுங்கள். நகஜிமா கொடுத்தது நான்கு.

பதினெட்டு வந்தால் ஊரே வந்துவிடும். வலப்பக்கம் வேலி, தெரு, கடைகள், நின்று வேடிக்கை பார்க்கும் ஆட்கள். இடப்பக்கம் முதல் ஹோலின் விரிந்த புல்வெளி. கிளப்ஹவுஸ் கடிகாரத்தைப் பார்த்து அடியுங்கள்; இன்னும் இடமாகப் போனாலும் குற்றமில்லை. மிச்சம், கிரீனின் இடப்பக்க முகப்பில் இருக்கும் பள்ளம், ‘வேலி ஆஃப் சின்’, பாவப் பள்ளத்தாக்கு. அதற்கு மேலே வெட்ஜில் தூக்கிப் போடுவதா, பட்டரால் பள்ளத்துக்குள் இறக்கி மேலே ஏற்றுவதா?

1995இல் கோஸ்தாந்தினோ ரோக்கா இங்கே முதலில் வெட்ஜில்தான் அடித்தார். தரையில் கிளப் முட்டி, பந்து நகர்ந்து பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அடுத்து பட்டரை எடுத்தார். அறுபது அடி தூரத்துக்கு மேல் இருக்கும், பள்ளத்திலிருந்து ஏறி, வளைந்து, குழிக்குள் விழுந்தது. தரையில் குப்புற விழுந்து கையால் குத்தினார். பிறகு சமநிலையை முறிக்க நடந்த பிளேஆஃபில் ஜான் டேலி ஜெயித்தார் என்பது வேறு விஷயம்.

நான் கிரீனுக்கு நாற்பது கெஜம் முன்னால் நின்றபோது கேடி என்னிடம் எந்த கிளப் வேண்டும் என்று கேட்கவே இல்லை. பட்டரை நீட்டினார்.